கர்த்தர் கட்டாத வீடு எது? சங்கீதம் 127 பற்றி ஒரு விவாதம்

புதுமனை:

எங்கள் பக்கம் கிறிஸ்தவர்கள் வீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைப்பிதழ் அடித்தால் இந்த வசனம் இல்லாமல் அடிப்பது அபூர்வம்.

"கர்த்தர் வீட்டைக் கட்டாராகில், அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா, கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா."

விருதா என்றால் வீண். பழகிய வசனம் என்பதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். எல்லாம் தேவன் செய்வார் என்றால் கட்டுகிறவன் எதற்கு, காவலாளி எதற்கு? அதே வேதத்தில் நீதிமொழிகள் 6:6 சோம்பேறியைப் பார்த்து எறும்பினிடம் போய்ப் படி என்கிறது. இரண்டும் எப்படிச் சேரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது.

பழையஏடு:

வசனத்தை மெதுவாகப் படித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். "கர்த்தர் கட்டுவார், நீ சும்மா இரு" என்று அதில் எங்கும் இல்லை. கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், காவலாளர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கர்த்தரும் அதே வீட்டைக் கட்டுகிறாரா, அதே நகரத்தைக் காக்கிறாரா என்பது மட்டும்தான் கேள்வி. ஒரே வேலையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கர்த்தர் இல்லாவிட்டால் மற்றவரின் உழைப்பு நிலைக்காது.

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, திரும்பக் கட்டும்போது எதிரிகள் திட்டம் போடுகிறார்கள் என்று தெரிகிறது. ஜெபம் செய்தார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள் (4:9). இரண்டும் ஒரே வசனத்தில் வருகிறது. ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம். 52 நாளில் அலங்கம் முடிந்தது. 127-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் வேலை செய்தால் இப்படித்தான் செய்வார்.

இன்னொன்று. 120 முதல் 134 வரை பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள். எருசலேமுக்கு ஏறிப் போகிற யாத்திரிகர்கள் பாடியவை என்பது பரவலான கருத்து. 127 அவற்றில் நட்டநடுவே இருக்கிறது, முன்னே ஏழு, பின்னே ஏழு. அந்த வரிசையில் 121-ஐப் பாடிவிட்டுத்தான் இங்கே வருகிறோம்: "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை." காவலாளர் வரியை அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

மரத்தடி:

நான் வேதம் படித்தவன் இல்லை. ஆனால் வள்ளுவர் இதற்கு நேர் எதிராக அல்லவா சொல்லிவிட்டார்? "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." எனக்கு அதுதான் பிடிக்கிறது.

கொத்தனார்மகன்:

மரத்தடி அண்ணா, எதிர் இல்லை, கேள்வியே வேறு. முயன்றால் கூலி கிடைக்குமா என்பது குறள் எடுத்துக்கொண்ட விஷயம். சங்கீதத்தில் வீடு கட்டி முடியாமல் பாதியில் நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வீடு நிற்கலாம், மாடியும் எழும்பலாம். அப்படியும் கட்டினவன் பட்ட பாடு வீணாகலாம் என்கிறது.

எப்படி வீணாகும்? எபிரெய வேதத்தில் அதற்கு ஒரு பழைய சாபம் இருக்கிறது: வீட்டைக் கட்டுவாய், அதில் குடியிருக்க மாட்டாய் (உபாகமம் 28:30). ஆமோஸ் தீர்க்கதரிசி அதை எடுத்து இஸ்ரவேலின் வட ராஜ்யத்துப் பணக்காரர்கள் மேல் வீசுகிறான். ஏழையை மிதித்து அவனிடம் தானியம் பிடுங்குகிறீர்கள், அதனால் நீங்கள் வெட்டின கல்லால் கட்டிய வீடுகளில் குடியிருக்க மாட்டீர்கள் (5:11). அந்தக் காலத்தில் சாதாரணக் குடியானவன் வீடு பொறுக்கின கல்லும் மண் செங்கலும்தான். செதுக்கின கல் என்றாலே காசு உள்ளவன் வீடு. வீண் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் இருந்த அர்த்தம் இது. கல் இருக்கும், ஆள் இருக்க மாட்டான்.

இரவுக்காவல்:

இந்த இழையில் என்னைத் தவிர வேறு காவலாளி இல்லை என்று நினைக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

நான் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. இரவு எட்டிலிருந்து காலை எட்டு. இரண்டாம் வசனம் இப்படிப் போகிறது: "நீங்கள் அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." மேலே ஐந்தாவது மாடியில் ஏ.சி. போட்டுத் தூங்குகிறவர் பிரியமானவர், கீழே நாற்காலியில் கண் எரிய உட்கார்ந்திருக்கிற நான் பிரியமில்லாதவனா? அவர் தூங்குவதே நான் விழித்திருப்பதால்தானே. நான் விழித்திருப்பது விருதா என்று அவர் வீட்டு வாசலிலேயே ஒட்டியிருக்கிறார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

கோபமாக எழுதவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும்.

பழையஏடு:

நல்ல கேள்வி, தம்பி. அந்த வரி காவலாளியைக் குறை சொல்வதாக நான் படிக்கவில்லை. காவலாளி தன் வேலையைச் சரியாகச் செய்தும் நகரம் விழலாம். அதுதான் அங்கே இருக்கிற வேதனை.

யூதாவின் லாகீஸில் கிடைத்த பானை ஓட்டு எழுத்துகளைச் சொல்ல வேண்டும். 1935-இல் தொல்லியலாளர் ஸ்டார்க்கியின் குழு லாகீஸ் கோட்டையின் வாசல் அறையில் மையால் எழுதிய பானை ஓடுகளைக் கண்டெடுத்தது. யூதாவைப் பாபிலோன் அழித்த கடைசி நாட்களைச் சேர்ந்தவை. நாலாவது கடிதத்தில் வெளிக்காவலில் இருக்கிற ஒருவன் தன் மேலதிகாரிக்கு எழுதுகிறான்: நீங்கள் சொன்ன அடையாளங்களின்படி லாகீஸின் தீ அடையாளத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைப் பார்க்க முடியவில்லை. அரணான பட்டணங்களில் மிஞ்சியவை லாகீசும் அசெக்காவும் மாத்திரம் என்று எரேமியா 34:7 சொல்கிறது அல்லவா, அதே இரண்டு ஊர்கள். அந்த ஆள் தூங்கவில்லை. கடமையில் குறை வைக்கவில்லை. லாகீஸ் எரிந்துபோனது.

நகரத்தைக் கர்த்தர் காவாராகில் என்பதன் கனம் அங்கேதான் தெரிகிறது. பழி காவலாளி மேல் இல்லை.

கொத்தனார்மகன்:

அப்படியானால் யார் மேல்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

சங்கீதத்தின் தலைப்பில் சாலொமோன் பெயர் இருக்கிறது. அவரே எழுதியது என்றோ அவரைக் குறித்தது என்றோ எப்படி எடுத்தாலும் சரி, வீடு கட்டுவதைப் பற்றிய பாட்டுக்கு மேல் அந்தப் பெயரை வைத்தவருக்கு என்ன நினைவுக்கு வந்திருக்கும்? 1 இராஜாக்கள் 5-ஐ எடுங்கள். இஸ்ரவேலிலிருந்து 30,000 பேரை வேலைக்குப் பிடித்து, மாதத்துக்குப் பத்தாயிரமாக லீபனோனுக்கு அனுப்புகிறார். ஒரு மாதம் அங்கே, இரண்டு மாதம் வீட்டில். சுமை சுமக்க 70,000 பேர், மலையில் கல் வெட்ட 80,000 பேர். ஆலயம் முடிய ஏழு வருஷம். தன் சொந்த அரண்மனைக்குப் பதின்மூன்று வருஷம். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வேதம் ஒன்றும் சொல்லாமல் போகிறது. படிக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் செத்ததும் ஜனங்கள் மகனிடம் வந்து கேட்ட முதல் காரியம் என்ன? உம்முடைய தகப்பன் வைத்த நுகம் பாரமாயிருக்கிறது, இலகுவாக்கும். மகன் மறுத்தான். வேலை வாங்கும் அதிகாரி அதோராமை அனுப்பினான். கல்லெறிந்து கொன்றார்கள். பத்துக் கோத்திரம் பிரிந்துபோனது. அப்பா கட்டின வீட்டில் மகனுக்குப் பாதிகூட மிஞ்சவில்லை.

என் அப்பா கொத்து வேலை பார்த்தவர். இந்த வசனத்தைக் கட்டினவனுக்குச் சொல்கிற புத்தியாகவே எல்லாரும் பேசுவார்கள். கட்டச் சொன்னவனுக்குச் சொன்னது என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பழையஏடு:

கொஞ்சம் நிதானம். 1 இராஜாக்கள் 9:22-ஐயும் படியுங்கள், இஸ்ரவேல் புத்திரரில் ஒருவரையும் அடிமையாக்கவில்லை என்கிறது. அந்த நூலுக்குள்ளேயே இரண்டு குரல் இருக்கிறது. தவிர, சங்கீதத்தில் கூலி பற்றியோ கட்டாய வேலை பற்றியோ ஒரு சொல் இல்லை. நீங்கள் அதைத் தொழிற்சங்க நோட்டீசாக மாற்றுகிறீர்கள். நம்பிக்கையும் கவலையும்தான் அதன் பொருள். தன் கையையே நம்பி, தன் புத்தியையே நம்பி, விடியுமுன் எழுந்து இருட்டின பிறகும் உட்கார்ந்து தன்னையே தின்னுகிற மனுஷனிடம் அது பேசுகிறது. எஜமானுக்கும் அது பொருந்தும், கூலிக்காரனுக்கும் பொருந்தும்.

நகரக் காவலுக்கு நான் ஏசாயா 22-ஐ வைப்பேன். அசீரியன் வருகிறான் என்று எருசலேமில் திறப்புகளை அடைக்கிறார்கள், வீடுகளை எண்ணுகிறார்கள், அலங்கத்தை அரணாக்க வீடுகளை இடிக்கிறார்கள், இரண்டு மதிலுக்கும் நடுவே தண்ணீருக்கு அகழி உண்டாக்குகிறார்கள். எல்லாம் புத்திசாலித்தனமான வேலை. தீர்க்கதரிசி சொல்வது ஒன்றுதான்: அதைச் செய்தவரை (கர்த்தரை) நீங்கள் நோக்கவில்லை.

கொத்தனார்மகன்:

அந்த "வீடுகளை இடிக்கிறார்கள்" என்பதில் நில்லுங்களேன், பிரதர். அந்த மதில் பழைய எருசலேமின் யூதக் குடியிருப்பில் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. 1970-களில் தொல்லியலாளர் அவிகாத் தோண்டி எடுத்தது. ஏறத்தாழ ஏழு மீட்டர் அகலம். எசேக்கியா ராஜா காலத்தது என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். அதன் அடியில் அதற்கு முந்தின வீடுகளின் சுவர் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. யார் வீடோ. நகரத்தைக் காக்க வீட்டை இடித்தார்கள். வீடு, நகரம் என்று நம் வசனம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிறதே, அங்கே ஒன்று மற்றதைத் தின்றிருக்கிறது.

கூலி பற்றி ஒரு சொல் இல்லை என்கிறீர்கள், சரி. கர்த்தர் கட்டாத வீடு எப்படி இருக்கும் என்று வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடினால் எரேமியா 22:13 வந்து நிற்கிறது. ராஜா யோயாக்கீம் விசாலமான வீடு, காற்றோட்டமுள்ள மேலறை, கேதுருப் பலகை, ஜாதிலிங்கச் சிவப்பு என்று கட்டுகிறான். தன் அயலானைச் சும்மா வேலை வாங்கி, கூலி கொடாமல். அதற்குத்தான் ஐயோ. அவன் அப்பா யோசியாவும் சாப்பிட்டுக் குடித்தவர்தான், ஆனால் ஏழைக்கு நியாயம் செய்தார், என்னை அறிவது அதுதானே என்று தேவன் கேட்கிறார். நான் சேர்த்துச் சொன்னது ஒன்றும் இல்லை.

நீங்கள் முதலில் சொன்ன அதே நெகேமியாவும் எனக்குச் சாட்சி. 4-ஆம் அதிகாரம் அலங்கம், 6-ஆம் அதிகாரம் அலங்கம். நடுவில் 5-இல் என்ன இருக்கிறது? வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக விடுகிறோம் என்று ஜனங்கள் கூப்பாடு போடுகிறார்கள். கல் வேலை நடந்துகொண்டிருக்கும்போது நெகேமியா பெரிய மனிதர்களைக் கூட்டி அடகைத் திரும்பக் கொடுக்க வைக்கிறார். அந்த அத்தியாயம் இல்லாமல் 52 நாள் கணக்கு எனக்கு நம்பக் கஷ்டம்.

ஜெபமாலை:

நீங்கள் இருவரும் முதல் வசனத்திலேயே சண்டை போடுகிறீர்கள். இரவுக்காவல் தம்பி கேட்டது இரண்டாம் வசனம். எங்கள் கத்தோலிக்க வழக்கில் இது திருப்பாடல் 127, சிறு வயதிலிருந்து பாடியது.

அந்தக் கடைசி அடியை எபிரெயத்தில் இரண்டு விதமாகவும் எடுக்கலாம் என்கிறார்கள்: பிரியமானவனுக்குத் தூக்கத்தைக் கொடுக்கிறார், அல்லது அவன் தூங்கும்போதே கொடுக்கிறார். இரண்டாவதை எடுத்தால் சாலொமோன் பெயர் ஏன் மேலே இருக்கிறது என்பதும் விளங்கும். பிறந்தபோது அவருக்கு நாத்தான் வழியாக யெதிதியா என்று பெயர் வந்தது, கர்த்தருக்குப் பிரியமானவன் என்று அர்த்தம். கிபியோனில் இரவு சொப்பனத்தில் தேவன் தோன்றி, கேள் என்றார். ஞானம் கிடைத்தது தூக்கத்தில். ஆனால் அந்த வேலைப்பட்டாளத்தை விழித்திருக்கும்போதுதான் திரட்டினார். (கொத்தனார்மகனுக்கு இது பிடிக்கும்.)

தம்பி, தூக்கம் அங்கே சம்பளமும் இல்லை, தகுதிப் பட்டியலும் இல்லை. வருத்தத்தின் அப்பம் என்ற சொல் ஆதியாகமம் 3-ஐ நினைவுபடுத்துகிறது, வருத்தத்தோடே பூமியின் பலனைப் புசிப்பாய், நெற்றி வேர்வையால் ஆகாரம் என்று ஆதாமுக்குச் சொன்னது. அந்தச் சாபத்துக்குள்ளே ஓர் இடைவெளிதான் தூக்கம். அதை ஒருவனிடமிருந்து பிடுங்கி இன்னொருவன் தூங்கினால் அதைத் தேவன் கொடுத்த தூக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த சங்கீதத்தையும் படியுங்கள், 128:2: "உன் கைகளின் பிரயாசத்தை நீ சாப்பிடுவாய், உனக்குப் பாக்கியமும் நன்மையும் உண்டாயிருக்கும்." உழைத்தவனே சாப்பிட வேண்டும். 127 மட்டும் அச்சடிக்கிறோம், 128-இல் மனைவி திராட்சைக்கொடி, பிள்ளைகள் ஒலிவமரக் கன்றுகள் என்பதைக் கல்யாணப் பத்திரிகைக்கு எடுத்துக்கொள்கிறோம், இந்த வரியை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

இரவுக்காவல்:

நன்றி அக்கா. இது பரவாயில்லை. யோசிக்கிறேன்.

கொத்தனார்மகன்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1960-இல் இஸ்ரேலின் யாவ்னே-யாம் பக்கத்தில் கடலோரக் கோட்டை ஒன்றில் கிடைத்த, எழுத்துள்ள பானை ஓடு, கிறிஸ்துவுக்கு முன் 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரிக்குக் கொடுத்த மனு. நான் அறுத்தேன், அளந்தேன், களஞ்சியத்தில் சேர்த்தேன், வேலை முடித்தேன். அப்படியும் ஓசாயா என்கிறவன் என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டான், கூட அறுத்தவர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள், திருப்பித் தரச் சொல்லுங்கள்.

வஸ்திரத்துக்கு ஏன் அவ்வளவு பாடு என்றால் யாத்திராகமம் 22-ஐப் பார்க்க வேண்டும். அயலானின் வஸ்திரத்தை அடகாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடு, அவனுக்குப் போர்வை அது ஒன்றே, வேறு எதைப் போர்த்திப் படுப்பான்? ஒரு கூலியாளின் தூக்கம் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

கிணற்றடி:

யூத ரபிகள் இதே சண்டையை நம்மைவிட நன்றாகப் போட்டிருக்கிறார்கள். ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில், பெராகோத் என்ற பகுதி, 35-ஆம் ஏட்டின் பின்பக்கம். உன் தானியத்தை நீ சேர்ப்பாய் என்று உபாகமம் 11 சொல்கிறது, ஆகவே உழுகிற காலத்தில் உழு, அறுக்கிற காலத்தில் அறு, வேதம் படிப்பதையும் அதோடு நடத்து என்கிறார் ரபி இஸ்மவேல். ஒருவன் உழுகிற காலத்தில் உழுது, விதைக்கிற காலத்தில் விதைத்து, தூற்றுகிற காலத்தில் தூற்றிக்கொண்டிருந்தால் வேதம் என்ன ஆவது என்கிறார் ரபி சிமியோன் பார் யோகாய். தேவ சித்தம் செய்தால் வேலையைப் பிறர் செய்துவிடுவார்களாம். பின்னால் வந்த அபாயே ஒரே வரியில் முடித்துவிட்டார்: இஸ்மவேல் சொன்னபடி பலர் செய்தார்கள், பலித்தது. சிமியோன் சொன்னபடி பலர் செய்தார்கள், பலிக்கவில்லை. ராவா தன் மாணவர்களிடம், நிசான் மாதமும் திஷ்ரி மாதமும் என் பக்கம் வராதீர்கள், போய் வயல் வேலையைப் பாருங்கள், அப்போதுதான் வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக் கவலை இருக்காது என்றாராம். எனக்கு அந்த ஆசிரியரை மிகவும் பிடிக்கும்.

காவலாளர் வரிக்கும் ஒரு கதை இருக்கிறது, எருசலேம் தல்மூதில், ஹகிகா என்ற பகுதியில். ஊர் ஊராக ஆசிரியர்களை நியமிக்கப் போன ரபிகள் ஓர் ஊரில் நகரத்தைக் காக்கிறவர்களைக் காட்டுங்கள் என்றார்கள். ஊர்க்காவலர்களைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். இவர்கள் காக்கிறவர்கள் அல்ல, அழிக்கிறவர்கள் என்றார்கள் ரபிகள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களே காக்கிறவர்கள் என்று சொல்லி இந்த 127:1-ஐ எடுத்துக் காட்டினார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வேதம் படிக்கிறவன்தான் நாட்டைக் காக்கிறான் என்ற இந்த நினைப்புக்குப் பின்னால் இன்றைக்கு ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. தீவிர மரபு யூத மாணவர்களுக்கு ராணுவ சேவையிலிருந்து விலக்கு தொடரச் சட்ட அடிப்படை இல்லை என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. நீ படி, நான் விழித்திருக்கிறேன் என்று யார் யாருக்குச் சொல்வது...

மட்டுறுத்துநர்:

கிணற்றடி ஐயா, அந்த வழக்குக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே சங்கீதத்தோடு நிற்போம்.

புதுமனை:

எல்லாருக்கும் நன்றி. என் பழைய கேள்வி எனக்கே இப்போது சின்னதாகத் தெரிகிறது. இன்னொன்று மட்டும். 3-ஆம் வசனத்திலிருந்து திடீரென்று பிள்ளைகள், அம்புகள், அம்பறாத்தூணி என்று போகிறதே. இரண்டு பாட்டை ஒட்டவைத்ததா?

பழையஏடு:

அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு ஒரே பாட்டாகத்தான் படுகிறது. எபிரெயத்தில் வீடு என்றால் கட்டடமும் வீடு, குடும்பமும் வீடு. தமிழிலும் பெரிய வீட்டுப் பிள்ளை என்கிறோமே. 2 சாமுவேல் 7-இல் தாவீது ஆலயம் கட்ட ஆசைப்படும்போது, நீ எனக்கு வீடு கட்டுவதா, நானே உனக்கு வீட்டை உண்டுபண்ணுவேன் என்று பதில் வருகிறது. அங்கே வீடு என்றது வம்சத்தை. சாலொமோன் பெயர் தலைப்பில் இருப்பதற்கு அது இன்னொரு காரணம்.

கடைசி வரியில் அந்தக் குமாரர்கள் நிற்கிற இடம் பட்டணத்து வாசல். சத்துருக்களோடு பேசுவது என்றால் சண்டையாகவும் இருக்கலாம், ஆனால் வாசல்தான் அன்றைய நீதிமன்றம். போவாஸ் ரூத்துக்காக மூப்பர்களைக் கூட்டி உட்கார்ந்ததும் அங்கேதான். வழக்கு என்று வந்தால் தனி ஆளை விழுங்கிவிடுவார்கள், பக்கத்தில் நாலு பிள்ளைகள் நின்றால் முடியாது. கொத்தனார்மகன், உங்களுடைய அறுவடைக்காரனும் கூட அறுத்தவர்களைத்தானே சாட்சிக்குக் கூப்பிட்டான். இந்த இடத்தில் நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. சாலொமோன் விஷயத்தில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கொத்தனார்மகன்:

ஒத்துக்கொள்ள வேண்டாம் பிரதர், 1 இராஜாக்கள் 11:28-ஐ மட்டும் ஒருதரம் பாருங்கள். பின்னால் பத்துக் கோத்திரத்தோடு பிரிந்துபோன யெரொபெயாமை, யோசேப்பு வம்சத்தாரின் வேலைகளுக்கெல்லாம் மேலாளாக வைத்தது யார் என்று இருக்கிறது.